பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

காந்தி மார்க்கெட் மண்டிகளிலும் பெரிய கடைவீதிக் கடைகளிலும் மாதச் சம்பளம் எண்ணிக் கொடுக்கும்போது, "பி.எப். போக இவ்வளவு" என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் கொடுக்கிறோம். வாங்குகிற சிப்பந்தியும் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். கழித்த தொகை தம் பெயரில் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை எல்லாக் கடைகளிலும் காப்பாற்றப்படுகிறதா என்பது நம் வணிகப் பெருமக்கள் ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

விற்பனை வரி, கடை உரிமம், தராசு முத்திரை என்று எதைப் பற்றியெல்லாமோ கூட்டம் போட்டுப் பேசுகிறோம். ஆனால் சம்பளத்தில் பிடித்த பணத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. பேசாமல் விட்டதன் பலன், வேலையை விட்டு நிற்கிற வயதில் ஒரு கணக்குப்பிள்ளையோ தராசுக்காரரோ பாஸ்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் திகைத்து நிற்பதுதான்.

சட்டம் சொல்வது என்ன?

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி 1951 நவம்பர் 15-ஆம் தேதி அவசரச் சட்டமாக வந்து, 1952-இல் முழுச் சட்டமாயிற்று. முதலில் சிமெண்ட், சிகரெட், இயந்திரப் பொருள், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி ஆகிய ஆறு தொழில்களுக்கு மட்டுமே அது இருந்தது. சரக்கு வாங்கி விற்கும் வணிக நிறுவனங்களும் 1962-இல் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. 1971-இல் குடும்பப் பென்ஷன் திட்டம் சேர்ந்தது. அதன் இடத்தில் 1995 நவம்பர் 16 முதல் இப்போதுள்ள பென்ஷன் திட்டம் வந்தது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்துக்கு இது கட்டாயம். ஒருமுறை சட்டத்துக்குள் வந்த கடையில் பின்னர் ஆள் குறைந்து 15 பேர் ஆனாலும், சட்டம் விலகிவிடாது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஒப்பந்தக்காரர் மூலம் வரும் மூட்டை தூக்குவோரும் எண்ணிக்கையில் சேர்வார்கள். ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால் கடைக்காரரைத்தான் கேட்பார்கள்.

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதனால் சட்டப் பிரிவுகளின் எண்கள் மாறுகின்றனவே தவிர, பிடித்ததைக் கட்ட வேண்டும் என்ற கடமை மாறவில்லை.

கணக்கை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், 12 சதவீதமாகிய 1,800 ரூபாயைச் சிப்பந்தியிடம் பிடிக்கிறோம். நம் பங்காக இன்னொரு 1,800 போடுகிறோம். நம் பங்கில் 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய், பென்ஷனுக்குப் போகிறது. மீதி 550 ரூபாய் வைப்பு நிதியில் சேருகிறது. ஆக மாதத்துக்கு 3,600 ரூபாய். மூன்று ஆண்டு விட்டுப்போனால் வட்டியை விட்டுவிட்டே 1,29,600 ரூபாய். ஒரு கடைச் சிப்பந்தி வீட்டில் ஒரு கல்யாணத்தின் பாதிச் செலவு இது.

பென்ஷன் கதை இதைவிடக் கடினம். 10 ஆண்டு பணி இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. இல்லையென்றால் ஒரே தவணையில் ஒரு சிறு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பது பென்ஷன் கணக்கு. 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு, 2014 செப்டம்பருக்குப் பிந்தைய பணியில் மூன்று ஆண்டு காணாமற்போனால், மாதம் சுமார் 643 ரூபாய் ஆயுள் முழுவதும் குறையும். அவருக்குப் பின் மனைவிக்குப் போகும் பென்ஷனும் அதற்கேற்பக் குறையும்.

இது யார் பணம்?

நம் பங்காகிய 12 சதவீதத்தைக் கட்டத் தாமதமானால் அது நம் கடன். சிப்பந்தியிடம் பிடித்த 12 சதவீதம் அப்படியல்ல. அது அவருடைய உழைப்பின் கூலி; நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவில் 1973-இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சம்பளத்திலிருந்து பி.எப்.புக்காகப் பிடித்துக் கட்டாத முதலாளி, ஒப்படைத்த சொத்தை மோசடி செய்தவராகவே கருதப்படுவார் என்பது அதன் சாரம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவிலும் அதே விளக்கம் இருக்கிறது. முன்பு 3 ஆண்டு வரை இருந்த சிறைத் தண்டனை இப்போது 5 ஆண்டு வரை என்றாகியிருக்கிறது.

இந்த எண்ணம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் "சாவா மூவாப் பேராடு" என்ற சொல் வரும். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 90 அல்லது 96 ஆடுகளை ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் அது அவர் பாடு. கணக்கில் ஆடு சாவதுமில்லை, மூப்பதுமில்லை. ஒப்படைத்த பொருளுக்கு நம் முன்னோர் வைத்த இலக்கணம் அதுதான். வசூல் வரவில்லை, லாரி வாடகை ஏறிவிட்டது என்ற காரணங்கள் நம் பாடு. சிப்பந்தியின் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை.

ஊரறிந்த ஓர் உதாரணம்

தனியார் கடைகளில்தான் இப்படி நடக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 ஜனவரி 4-ஆம் தேதி மாலை தொடங்கி 11-ஆம் தேதி இரவு வரை தமிழகம் முழுவதும் அரசுப் பேருந்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததை யாரும் மறந்திருக்க முடியாது. திருச்சி மண்டலம் கும்பகோணம் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தது. பொங்கலுக்கு முந்தைய வாரம் அது. நம் வியாபாரத்துக்கு அந்த வாரம் எத்தகையது என்று சொல்லத் தேவையில்லை.

ஊதிய உயர்வு கேட்டு நடந்த போராட்டம் என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் இன்னொரு கோரிக்கையும் அதில் இருந்தது. தொழிலாளர் சம்பளத்தில் வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு, கூட்டுறவுக் கடன் என்று பிடித்த தொகைகள் உரிய இடத்தில் கட்டப்படாமல் கழகங்களின் அன்றாடச் செலவுக்கே போய்விட்டன என்றும், ஓய்வுபெற்றவர்கள் தங்கள் சொந்தப் பணத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்றும் தொழிற்சங்கங்கள் குற்றம் சாட்டின. ஓய்வுபெற்றோரின் நிலுவைக்காக 750 கோடி ரூபாய் தருவதாக அப்போது அரசு அறிவிக்க வேண்டிவந்தது. ஊதியப் பிரச்சினையைப் பேசி முடிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை மத்தியஸ்தராக நியமித்தது.

டீசல் வாங்கவும் பேருந்தை ஓட்டவும் பணம் இல்லை. கையில் இருந்ததைச் செலவழித்துவிட்டார்கள் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். சொந்த ஆதாயத்துக்கு யாரும் எடுத்துப் போனதாகச் சொல்லவில்லை. அப்படியிருந்தும் ஓய்வுபெற்ற ஓட்டுநருக்கு விளைவு ஒன்றுதான்: பணம் இல்லை.

அயல்நாட்டிலும் இதே கதை உண்டு. இங்கிலாந்தில் பத்திரிகை அதிபர் ராபர்ட் மாக்ஸ்வெல் 1991 நவம்பரில் கடலில் இறந்த பிறகுதான், தம் கம்பெனிகளின் கடனைச் சமாளிக்கத் தொழிலாளர் பென்ஷன் நிதியிலிருந்து 40 கோடி பவுண்டுக்கும் மேல் எடுத்திருந்தது வெளியே வந்தது. அதன் பிறகே அந்நாட்டில் 1995-ஆம் ஆண்டுப் பென்ஷன் சட்டம் பிறந்தது. உயிரோடு இருந்தவரை அவர் பெரிய முதலாளி. கணக்கைப் பார்க்க யாருக்கும் துணிவில்லை.

மாதங்கள் எப்படிக் காணாமற்போகின்றன?

விட்டுப்போன மாதம் என்றாலே முதலாளி சாப்பிட்டுவிட்டார் என்று முடிவு கட்டுவதும் தவறு. நாம் பார்த்த வரையில் மூன்று விதமாக இது நடக்கிறது.

முதல் வகை, பிடித்துக் கட்டாமலே விட்டது. இரண்டாவது, கட்டிய பணம் வேறு எண்ணில் போய் உட்கார்ந்திருப்பது. தகப்பனார் கடையைப் பிள்ளைகள் பாகஸ்தர்களாக எடுத்து நடத்தும்போது கடைக்குப் புதிய எண் வாங்குவார்கள். சிப்பந்திக்கும் புதிய கணக்கு பிறந்துவிடும். பழையதைப் புதியதோடு சேர்க்கும் மாற்றல் மனு போட யாருக்கும் நினைவிராது. மூன்றாவது, பணம் சலானில் கட்டப்பட்டிருக்கும். ஆனால் யார் யாருக்கு எவ்வளவு என்ற விவரப் பட்டியல் போயிராது. 2012 ஏப்ரலில் மின்னணுச் சலான் முறை வருவதற்கு முன் ஆண்டுதோறும் 3ஏ, 6ஏ படிவங்கள் அனுப்ப வேண்டியிருந்தது. அதில் ஓர் ஆண்டு விட்டுப்போனால் பணம் அலுவலகத்தில் இருக்கும், பேரேட்டில் பெயர் இருக்காது. பெயரின் முதல் எழுத்து மாறியதாலும், பிறந்த தேதி பிசகியதாலும் நின்றுபோன கணக்குகளும் உண்டு.

நமக்குத் தெரிந்த ஒருவரின் வழக்கில் முதல் இரண்டு வகையும் சேர்ந்தே இருந்தன. ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் கணக்குப்பிள்ளை அவர். பருப்பு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் 11 ஆண்டு பேரேடு எழுதியவர். 58 வயது முடிந்து பென்ஷனுக்கு மனுப் போட்டால், கணக்கில் 7 ஆண்டு 8 மாதம்தான் இருக்கிறது, பென்ஷன் கிடையாது என்று பதில் வந்தது. 40 மாதங்களைக் காணோம். அடுத்தவர் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதியவருக்குத் தம் கணக்கில் இப்படி ஆயிற்று.

நல்ல வேளையாக, சம்பளச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் கம்பியில் குத்தி வைத்திருந்தார். மூத்த வியாபாரிகள் சிலர் இரு தரப்பையும் உட்கார வைத்து மாதம் மாதமாக ஒத்துப் பார்த்தோம். 14 மாதப் பணம் கடையின் இன்னொரு எண்ணில் இருந்தது. மாற்றல் மனுவில் அது தீர்ந்தது. மீதி 26 மாதம் பிடித்தது உண்மை, கட்டாததும் உண்மை. கடைக்காரர், "அப்போது வெளியூர்ப் பாக்கி முடங்கிக் கிடந்தது, பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்" என்றார். கணக்குப்பிள்ளை, "முதலாளி, கஷ்டம்னு என்கிட்ட சொல்லியிருந்தா நானே கொடுத்திருப்பேனே. பிடிச்சுட்டுக் கட்டலைங்கறதுதான் மனசு ஆறல" என்றார். அதற்கு மேல் கடைக்காரர் வாதாடவில்லை. வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்டினார். கணக்குப்பிள்ளைக்குப் பென்ஷன் வந்தது. ஆனால் ஒன்றரை ஆண்டு அலைச்சல், கொள்ளிடத்துக்கும் காவேரிக்கும் இடையே குடியிருப்பவர் திருச்சி அலுவலகத்துக்கு எத்தனை முறை பாலம் தாண்டியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

சிப்பந்திகளுக்குச் சொல்ல வேண்டியவை

நம் கடைகளில் வேலை செய்வோருக்கு இவற்றை நாமே சொல்லிக் கொடுப்பது நலம். மறைப்பதற்கு ஒன்றுமில்லாத கடைக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை.

2014 அக்டோபர் முதல் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் 12 இலக்கப் பொது எண் உண்டு. எத்தனை கடை மாறினாலும் எண் ஒன்றுதான். அதில் கைப்பேசி எண், ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால் இணையத்திலும் உமங் செயலியிலும் பாஸ்புத்தகத்தைப் பார்க்கலாம். பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் இருப்பு விவரம் குறுஞ்செய்தியாக வரும்.

பாஸ்புத்தகத்தில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதம் மாதமாகத் தம் பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன் பங்கு என்ற மூன்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும். வாரிசு நியமனம் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

குறை தெரிந்தால் முதலில் கடை முதலாளியிடமோ கணக்குப் பகுதியிலோ எழுத்தில் கேட்க வேண்டும். எந்த எந்த மாதம், எவ்வளவு பிடித்தம் என்று பட்டியலாக எழுதி, நகல் வைத்துக்கொள்ள வேண்டும். நேரில் கொடுக்கத் தயக்கமானால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்பலாம். பதில் இல்லையென்றால் வைப்பு நிதி அமைப்பின் இணையதளக் குறைதீர்ப்புப் பகுதியிலோ திருச்சி அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம். 2023 ஜனவரி முதல் மாதந்தோறும் 27-ஆம் தேதியை ஒட்டி மாவட்டங்களில் நடக்கும் "நிதி ஆப்கே நிகட்" முகாமில் அதிகாரிகளை நேரில் பார்க்கலாம்.

சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு நகல், இ.எஸ்.ஐ. அட்டை, வேலை நியமனக் கடிதம் ஆகியவை சான்றுகள். ஒன்றும் இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். விசாரணை அதிகாரிக்குச் சிவில் நீதிமன்றம் போலக் கடையின் சம்பளப் பதிவேட்டையும் பேரேட்டையும் வரவழைக்கும் அதிகாரம் உண்டு. பென்ஷன் திட்டத்தில், வந்து சேர்ந்த சந்தா மட்டுமல்ல, வர வேண்டிய சந்தாவுக்குரிய பணியும் கணக்கில் சேரும் என்றே இருக்கிறது. ஆனால் காலதாமதம் கூடாது. 1952 சட்டத்தில் பாக்கி விசாரணைக்குக் கால வரம்பு இல்லை. புதிய தொகுப்புச் சட்டத்தில் 5 ஆண்டுக்குள் தொடங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் இனிக் கதவு சாத்தியிருக்கும்.

வணிகர்களாகிய நாம் செய்ய வேண்டியவை

அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். முன்பு இருந்த 5 நாள் சலுகை 2016 பிப்ரவரியோடு போயிற்று. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. அதற்கு மேல் அபராதம். அது 2024 ஜூன் 14-ஆம் தேதி அறிவிப்பின்படி மாதத்துக்கு 1 சதவீதமாக வைக்கப்பட்டது. இரண்டையும் கூட்டினால் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய். கடைவீதி பாஷையில் சொன்னால் ரெண்டு வட்டிக்குக் கைமாற்று வாங்கியது போல. சிப்பந்தியின் பணத்தை வட்டியில்லாத மூலதனம் என்று நினைத்துப் புழங்குவது தர்மப்படி மட்டுமல்ல, வியாபாரக் கணக்குப்படியும் நஷ்டமே. வேண்டுமென்று செய்யவில்லை என்ற சமாதானமும் எடுபடாது. குடகு கோணிக்கொப்பல் தோட்டக்கலை நிலைய வழக்கில், அபராதம் விதிக்கக் குற்ற நோக்கம் இருந்ததா என்று பார்க்கத் தேவையில்லை என 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

நடக்கிற கடையை விலைக்கு வாங்குவோர் சரக்கு, சாவி மதிப்பு, வெளிப்பாக்கி எல்லாம் பார்க்கிறோம். பி.எப். பாக்கியையும் பார்க்க வேண்டும். கடை கைமாறினால் பழைய பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்பது 1952 சட்டத்திலேயே உள்ளது.

விட்டுப்போனவர்களைச் சேர்க்க அரசு அவ்வப்போது வாய்ப்புத் தருவதுண்டு. 2025 நவம்பர் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை அறிவிக்கப்பட்ட சேர்க்கைத் திட்டத்தில், 2017 ஜூலைக்குப் பிறகு விடுபட்ட சிப்பந்திகளை 100 ரூபாய் அபராதத்தோடு சேர்க்கலாம் என்றார்கள். சிப்பந்தி பங்கைப் பிடித்திராவிட்டால் அதைக் கட்டவும் வேண்டாம் என்றார்கள். அந்தத் தள்ளுபடி பிடிக்காதவர்களுக்கு மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாதவருக்கு அது பொருந்தாது. 20 பேருக்குக் குறைவான சிறு கடையில், நிதி எண்ணே வாங்காமல் "பி.எப்." என்று பிடிப்பதை என்ன பெயரிட்டு அழைப்பது என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சில நடைமுறை யோசனைகளை முன்வைக்கிறோம். சம்பளம் போடும் அன்றே பிடித்த தொகையைக் கல்லாவில் கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம். கட்டிய சலான் நகலைச் சிப்பந்திகள் பார்க்கும் இடத்தில் ஒட்டலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பள நாளில் ஒவ்வொருவரையும் தம் பாஸ்புத்தகத்தைப் பார்க்கச் சொல்லி, சரி என்று கையெழுத்து வாங்கலாம். பின்னாளில் நமக்கும் அது பாதுகாப்பு. மாதம் ஒரு மாலை, விவரம் தெரிந்த ஒருவரைச் சங்கத்தில் உட்கார வைத்து உறுப்பினர் கடைச் சிப்பந்திகளின் சந்தேகங்களைத் தீர்க்கச் செய்யலாம். இதைச் செயற்குழு ஆலோசிக்க வேண்டுகிறோம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. நாமோ வாழ்நாள் முழுக்க அளந்தே பிழைக்கிறவர்கள். வாங்குபவர் கையில் எடை குறைந்தால் நம் பெயர் கெடும் என்று தராசைச் சரிபார்க்கிறோம். நமக்காக அந்தத் தராசைப் பிடித்து நின்றவரின் கணக்கிலும் எடை குறையாமல் இருக்கிறதா என்று, வருகிற 15-ஆம் தேதிக்குள் ஒவ்வொருவரும் பேரேட்டைத் திறந்து பார்க்க வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.